நீரின் உண்மை கண்ட இராமன்

காவிரியும் கொள்ளிடமும் இரு கரங்களாய் நீண்டு தழுவ, நடுவே தீவாய்த் திகழ்வது திருவரங்கம். தெற்கே ஆற்றைக் கடந்தால் மலைக்கோட்டை உயர்ந்து நிற்கும் திருச்சிராப்பள்ளி நகரைக் காணலாம். அரங்கன் கோயில் கொண்ட அதே தீவில், கிழக்குப் புறமாக அமைந்துள்ளது திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களுள் இது நீருக்கு உரியது. அங்குள்ள கருவறையில் இலிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுவதை இன்றும் அன்பர்கள் கண்டு வணங்குகின்றனர்.

நீரைப் போற்றும் அவ்வூரில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கடல் நீர் நீலமாய்த் தோன்றுவது ஏன் என்று பிற்காலத்தில் வினவியதும், தெளிந்த நீர்மங்களுள் ஒளியைச் செலுத்தி அவற்றின் உள்ளமைப்பை உலகம் அறியச் செய்ததும் அக்குழந்தையே. அவர்தாம் சந்திரசேகர வேங்கட இராமன். அவர் கண்ட ஒளி, ஓர் அமிலத் துளியினுள் மறைந்திருந்த உண்மையை வெளிப்படுத்திய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

இராமன் பிறந்தது தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில். பாட்டனாரின் பெயர் சப்தரிஷி சாஸ்திரியார். அவர் வடமொழியில் பெரும்புலமை உடையவர்; தருக்க நூலைக் கற்க விரும்பி, தம் இளமையில் வங்க நாடு வரையில் கால்நடையாகவே சென்றவர். அறிவைத் தேடி எத்துணைத் தொலைவும் செல்லலாம் என்னும் துணிவு அக்குடும்பத்தில் இருந்தது. அவர்தம் பேரனும் பின்னாளில் வங்கம் சென்றே புகழ் பெற்றார்.

தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எண்மர் மக்களுள் இராமன் இரண்டாமவர். திருச்சிராப்பள்ளியில் ஆசிரியராக இருந்த தந்தையார், 1892ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் பணியை ஏற்றார். ஆகவே காவிரிக் கரையில் பிறந்த சிறுவன் கடற்கரையில் வளர்ந்தான். வீட்டில் நூல்கள் நிறைய இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆர்வமும் சிறுவனுக்கு நிறைய இருந்தது. பதினோராம் வயதிலேயே அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

பின்னர் இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904ஆம் ஆண்டில் பி. ஏ. தேர்வில் முதல்வராகத் தேறி, இயற்பியலுக்குரிய பொற்பதக்கமும் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லலாம் என்று ஆசிரியர்கள் கூறினர். ஆனால் அவருடைய மெலிந்த உடலைச் சோதித்த மருத்துவர், அந்நாட்டுக் குளிரை அவர் தாங்கமாட்டார் என்று தடுத்துவிட்டார். கடல் கடந்து கற்கும் வாய்ப்பு இவ்வாறு நழுவியது. இராமன் மனம் தளரவில்லை. கல்லூரியில் இருந்த கருவியைக் கொண்டே ஒளியின் இயல்பை ஆராய்ந்தார். பட்டகத்தின் கோணத்தை அளந்தபோது தாம் கண்ட ஒரு புதுமையைக் கட்டுரையாக எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். 1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அக்கட்டுரை அங்குள்ள ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

அந்நாளில் அறிவியல் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு வாழ்வதற்கு நம் நாட்டில் வழி அரிதாக இருந்தது. 1907ஆம் ஆண்டில் எம். ஏ. பட்டம் பெற்ற இராமன், அரசாங்க நிதித் துறைத் தேர்வை எழுதி முதலிடம் பெற்றார். அவ்வாண்டே உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பதவி ஏற்றார். உயர்ந்த பதவி, நிறைந்த ஊதியம். ஆயினும் அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது.

ஒருநாள் அவர் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார்த் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகையைக் கண்டார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெருமகனார் 1876ஆம் ஆண்டில் நிறுவிய கழகம் அது. ஆய்வுக்கூடம் இருந்தது, ஆனால் ஆராய்வார் இல்லை. இராமன் உள்ளே சென்று இசைவு பெற்றார். அன்று தொடங்கி, அலுவலகம் திறக்குமுன் காலையிலும், அலுவல் முடிந்தபின் மாலையிலும் அவர் அக்கூடத்திலேயே இருந்தார். இரவு நெடுநேரம் விளக்கெரியும். வீணை, மிருதங்கம் முதலிய இசைக்கருவிகளின் ஒலியையும் அவர் ஆராய்ந்தார்.

இவ்வாறு பத்து ஆண்டுகள் கழிந்தன. 1917ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்து புகழ்பெற்ற ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, இராமன் அங்கே இயற்பியல் பேராசிரியரானார். இதனால் அவருடைய ஊதியம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உயர்பதவியை உதறிவிட்டு ஆசிரியத் தொழிலுக்கு வருவதா என்று உலகியல் அறிந்தோர் வியந்தனர். இராமன் அதனை இழப்பாகக் கருதவில்லை. நாள் முழுவதும் இனி ஆராய்ச்சிக்கே உரியது என்று மகிழ்ந்தார்.

கடலின் நீலம்

1921ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்கு இராமன் சென்றார். மீண்டு வரும்போது, நார்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். வானத்தின் நீலம் நீரில் எதிரொளிப்பதாலேயே கடல் நீலமாய்த் தோன்றுகிறது என்பது அறிஞர் இராலே பிரபுவின் கருத்து. பெரியவர் கூறியதாயினும் அதனைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று இராமன் எண்ணினார். தம் சட்டைப் பையில் இருந்த சிறு பட்டகம் ஒன்றினால் நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியை விலக்கிவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, முன்னிலும் சிறந்து விளங்கியது. நீரின் மூலக்கூறுகள் தாமே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

கல்கத்தாவுக்கு மீண்டதும் இராமனும் அவர்தம் மாணவர்களும் நீர்மங்களில் ஒளி சிதறுவதை ஆராயத் தொடங்கினர். 1923ஆம் ஆண்டில் கே. ஆர். இராமநாதன், நன்கு தூய்மை செய்த நீரிலும் சிதறிய ஒளியோடு மிக மங்கலான வேறொரு நிற ஒளி கலந்திருக்கக் கண்டார். நீரில் அழுக்கு இருந்திருக்கலாம் என்று சொல்லி அதனை ஒதுக்கிவிடுவது எளிது. இராமன் ஒதுக்கவில்லை. மீண்டும் மீண்டும் தூய்மை செய்யச் சொன்னார். அந்த மங்கலொளி விலகவே இல்லை.

இராமன் விளைவு

1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் அம்மறைபொருள் வெளிப்பட்டது. இராமனும், விருதுநகர் வட்டாரத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும், ஒரு நிற ஒளியை நீர்மத்தினுள் செலுத்தி, சிதறி வந்த ஒளியை நிறமாலை காட்டும் கருவியின் வழியே நோக்கினர். உட்சென்ற நிறத்தோடு வேறொரு நிறமும் தனியே பிரிந்து நின்றது. இருண்ட இடைவெளி ஒன்று இரண்டையும் பிரித்துக் காட்டியது. அறுபது வகை நீர்மங்களில் இவ்வுண்மை காணப்பட்டது. இதுவே இராமன் விளைவு எனப் பெயர் பெற்றது.

இதன் காரணத்தை ஓர் உவமையால் உணரலாம். கோயில் மணியின்மேல் ஒரு சிறு கல்லை எறிவோமானால், மணி அதிர்ந்து ஒலிக்கும். கல்லோ தன் வேகத்தில் ஒரு பகுதியை இழந்து மீளும். மணி எவ்வளவு ஆற்றலைப் பெற்றதோ அவ்வளவைக் கல் இழந்திருக்கும். அதுபோல ஒளித்துகள் மூலக்கூற்றின்மீது மோதும்போது, அதனை அதிரச் செய்து, தன் ஆற்றலில் சிறிது இழந்து மீள்கிறது. ஆற்றல் குறைந்த ஒளியின் நிறம் சிவப்பை நோக்கிச் சற்றே நகர்ந்து தோன்றுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய வகையில் அதிர்வதால், நகர்ந்த கோட்டின் இடத்தைக் கொண்டு மூலக்கூறு இன்னதென்று சொல்லிவிடலாம். ஒருவரின் கைரேகை அவரைக் காட்டுவது போல, இக்கோடுகள் பொருளைக் காட்டுகின்றன.

அமிலத் துளியின் உள்ளே

இயற்பியல் அறிஞர் கண்ட இவ்வொளி வேதியியலுக்கு எவ்வாறு உதவியது? அதனை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

சுவீடன் நாட்டில் சுவாந்தே அரீனியஸ் என்னும் இளைஞர் 1884ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரையைத் தம் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். உப்பும் அமிலமும் நீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்துவது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். அப்பொருள்கள் நீரில் கரையும்போதே மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்துவிடுகின்றன என்ற முடிவுக்குச் சில ஆண்டுகளில் வந்தார். அத்துகள்களே அயனிகள். ஆய்வுரையைத் தேர்ந்தோர் அதற்கு மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணே வழங்கினர். எனினும் காலப்போக்கில் உலகம் அவர் கருத்தை ஏற்றது. 1903ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசும் அவரை அடைந்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவையும், அது உறையும் வெப்பநிலையையும் கொண்டு அயனிகள் இருப்பதை உய்த்துணர்ந்தார்களே அன்றி, கரைசலினுள்ளேயே நோக்கி, இது மூலக்கூறு, இது அயனி என்று பிரித்துக் காண இயலவில்லை. அரீனியஸ் 1927ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். அடுத்த பிப்ரவரியில், பௌபஜார்த் தெருவில், அக்குறையை நீக்கும் வழி பிறந்தது.

நைட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். செறிந்த அமிலத்தில் மூலக்கூறுகள் பெரிதும் பிரியாமல் இருக்கின்றன. அம்மூலக்கூற்றில் ஹைட்ரஜன் அணு ஓர் ஆக்சிஜன் அணுவோடு பிணைந்திருக்கிறது. நீர் சேர்த்தால் அந்த ஹைட்ரஜன், தன் எலெக்ட்ரானை விட்டுவிட்டு, நேர்மின்னூட்டத்தோடு நீர் மூலக்கூற்றைச் சென்று சேர்கிறது. எஞ்சியிருப்பது எதிர்மின்னூட்டம் பெற்ற நைட்ரேட் அயனி. அதில் ஒரு நைட்ரஜன் நடுவே இருக்க, மூன்று ஆக்சிஜன்கள் சமமாகச் சூழ்ந்து நிற்கின்றன. இதனைச் சொற்களால் இவ்வாறு எழுதலாம்:

நைட்ரிக் அமிலம் + நீர் → ஹைட்ரோனியம் அயனி + நைட்ரேட் அயனி

மூலக்கூற்றின் வடிவம் வேறு. அயனியின் வடிவம் வேறு. ஆகவே அவற்றின் அதிர்வும் வேறு. இராமன் கோடுகளும் வேறு. பிரியாத மூலக்கூறு 1300 என்னும் அலையெண்ணின் அருகே ஒரு கோட்டைத் தருகிறது. நைட்ரேட் அயனியோ 1050 அருகே ஒரு கூரிய கோட்டைத் தருகிறது. இந்திய அறிஞர் இராமகிருஷ்ண ராவ் நைட்ரிக் அமிலத்தைப் பல செறிவுகளில் எடுத்து, இராமன் விளைவின் வழியே ஆராய்ந்து, 1930ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின் ஏட்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். நீர் மிகுதியாக மிகுதியாக, மூலக்கூற்றுக்குரிய கோடு மங்குகிறது. அயனிக்குரிய கோடு ஓங்குகிறது. சோடியம் நைட்ரேட் என்னும் உப்பின் கரைசலும் அதே 1050இல் கோடு தருகிறது. உப்பிலிருந்து வந்தாலும் அமிலத்திலிருந்து வந்தாலும் நைட்ரேட் அயனி ஒன்றே என்பது இதனால் கண்கூடாயிற்று. கரைசலைக் காய்ச்சவோ கலக்கவோ வேண்டாம். ஒளி உள்ளே சென்று உண்மையை அறிந்து வந்துவிடுகிறது.

ஆனால் எல்லா அயனிகளும் இவ்வொளியில் தம்மைக் காட்டிவிடுவதில்லை. குளோரைடு அயனி தனி ஓர் அணு. சேர்ந்து அதிர்வதற்கு அதனோடு பிணைந்த மற்றோர் அணு இல்லை. ஆதலின் அது தனக்கென இத்தகைய கோடு தருவதில்லை. ஒரு முறையின் ஆற்றலை அறிவது போலவே அதன் எல்லையையும் அறிவது அறிவியலின் பண்பாகும்.

சமன்பாடும் சான்றும்

திருச்சிராப்பள்ளிக் கடைவீதியில் பொற்கொல்லர் ஒருவர் நகையின் மாற்றைச் சோதிப்பதைக் கண்டிருப்பீர்கள். உரைகல்லில் நகையை உரசி, அக்கோட்டின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விடுவார். அத்திராவகம் நைட்ரிக் அமிலமே. செம்பு கரையும், பொன் கரையாது நிற்கும். நீர்த்த அமிலத்தில் செம்பு கரைவதை அயனிகளைக் கொண்டு எவ்வாறு எழுதுவது?

நைட்ரேட் அயனி இரண்டு ஆக்சிஜன்களை இழந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவாகிறது. இழந்த ஆக்சிஜன் தனியே நிற்பதில்லை. அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளோடு கூடி நீராகிவிடுகிறது. இரண்டு ஆக்சிஜனுக்கு நான்கு ஹைட்ரஜன் அயனிகள் வேண்டும். மின்னூட்டம் சரியாவதற்கு மூன்று எலெக்ட்ரான்களும் வேண்டும். அந்த எலெக்ட்ரான்களைக் கொடுப்பது செம்பு. ஒவ்வொரு செம்பு அணுவும் இரண்டைக் கொடுத்து, இரண்டு நேர்மின்னூட்டம் உடைய அயனியாகிறது. கொடுப்பதும் கொள்வதும் சமமாக வேண்டுமன்றோ? ஆகவே மூன்று செம்பு அணுக்கள் ஆறு எலெக்ட்ரான்களைக் கொடுக்க, இரண்டு நைட்ரேட் அயனிகள் அவ்வாறையும் கொள்கின்றன. முடிவு இது:

3 செம்பு + 8 ஹைட்ரஜன் அயனி + 2 நைட்ரேட் அயனி → 3 செம்பு அயனி + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

இடப்புறத்து மின்னூட்டத்தைக் கூட்டுக. ஹைட்ரஜன் அயனிகளால் நேர் எட்டு. நைட்ரேட் அயனிகளால் எதிர் இரண்டு. மொத்தம் நேர் ஆறு. வலப்புறத்தில் மூன்று செம்பு அயனிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டாக, நேர் ஆறு. அணுக்களும் ஒத்துள்ளன, மின்னூட்டமும் ஒத்துள்ளது. ஹைட்ரஜன் அயனி என்று சுருக்கமாக எழுதினும், அது நீரோடு சேர்ந்தே உள்ளது என்பதை நினைவில் கொள்க.

இச்சமன்பாட்டில் நைட்ரிக் அமிலம் என்று எழுதாமல், ஹைட்ரஜன் அயனி என்றும் நைட்ரேட் அயனி என்றும் பிரித்து எழுதுகிறோம். கணக்குச் சரியாவதற்காக ஆசிரியர்கள் வகுத்த சூழ்ச்சியா இது? அன்று. நீர்த்த கரைசலில் அவை உண்மையிலேயே பிரிந்து இருக்கின்றன. ஒளி அதற்குச் சான்று கூறுகிறது. நேர்மாறாக, புளிக்காடியில் உள்ள அசெட்டிக் அமிலம் நீரில் மிகச் சிறிதளவே பிரிகிறது. ஆகவே அதனைச் சமன்பாட்டில் மூலக்கூறாகவே எழுதுகிறோம். எதனைப் பிரித்து எழுதுவது, எதனைச் சேர்த்து எழுதுவது என்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. கரைசலில் உள்ளது எதுவோ அதனையே தாளில் எழுதவேண்டும். உள்ளதை உள்ளவாறு எழுதுவதே சமன்பாட்டின் அறம்.

புகழும் பிற்காலமும்

1930ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. அரீனியஸ் வாழ்ந்து மறைந்த ஸ்டாக்ஹோம் நகரில், டிசம்பர் 10ஆம் நாள், இராமன் தலைப்பாகையோடு மேடையேறி அதனைப் பெற்றார். ஒருகாலத்தில் குளிர் ஆகாதென்று தடுக்கப்பட்ட இளைஞர், வடகோடியின் கடுங்குளிரில் நின்று உலகின் பெரும்பரிசை ஏற்றார்.

1933ஆம் ஆண்டில் அவர் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. ஓய்வு பெற்றபின், தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அந்நகரிலேயே அமைத்து, வைரம், மலர், பறவையின் இறகு முதலியவற்றின் நிறங்களை ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்றார். அவர் விரைந்து சினங்கொள்ளும் இயல்பினர்; கடிந்து பேசவும் தயங்கார். ஆனால் ஐயம் கேட்டு வரும் சிறுவர்களிடம் அவர் காட்டிய பரிவுக்கு அளவில்லை. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படியே, தாம் வளர்த்த மரங்களின் நடுவே அவருடல் எரியூட்டப்பட்டது. அவர் தம் விளைவைக் கண்ட பிப்ரவரி 28ஆம் நாள், 1987ஆம் ஆண்டு முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

மாணவர்களே, திருவானைக்காவிலில் ஊறும் நீரும், மத்தியதரைக் கடலின் நீரும், ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாயில் உள்ள நீரும் எல்லாரும் காண்பவையே. கண்டவர் பலர், கேட்டவர் சிலர், கேட்டதற்கு விடை கிடைக்கும்வரை ஓயாதிருந்தவர் மிகச் சிலர். பெரியோர் சொற்றதையும் சோதித்து அறிக என்பதும், சிறு மங்கலையும் புறக்கணியாதே என்பதும் இராமன் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்கள். அடுத்த முறை அமிலக் கரைசலின் சமன்பாட்டை எழுதும்போது, இருபுறமும் சரியாயிற்றா என்று கூட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், நான் எழுதியது அக்குழாயினுள் உண்மையாகவே இருக்கிறதா என்றும் ஒருமுறை வினவுங்கள். காவிரிக் கரையில் பிறந்த அப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றி அதுவே ஆகும்.